முவைலாவில் வளரும் மருத்துவச்சிகள்

ஷார்ஜாவின் முவைலாவுக்குக் காலையில் வந்தால் முதலில் கண்ணில் படுவது வரிசையாக நிற்கும் பள்ளி பஸ்கள்தான். ஒரு பக்கம் ஷேக் முகமது பின் சாயித் சாலையின் இரைச்சல், மறுபக்கம் பல்கலைக்கழக நகரத்தின் அகலமான வீதிகளும் குவிமாடங்களும். நடுவில் புதுப்புது அடுக்குமாடிகள். பிள்ளைங்க படிப்புக்காகவே இங்கே வீடு எடுத்த நம்ம குடும்பங்கள் நிறைய.

அந்த நகரத்தில்தான் 1997இல் தொடங்கிய ஷார்ஜா பல்கலைக்கழகம் இருக்கிறது. நர்சிங்கும் அங்கே உண்டு, பக்கத்திலேயே பெரிய மருத்துவமனையும் உண்டு. இதையெல்லாம் பார்த்து வளரும் ஒரு பெண் "நான் மிட்வைஃப் ஆகணும்" என்று சொன்னால், "டாக்டருக்கே படிக்கலாமே?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்போம். அதைவிட முக்கியமான கேள்வி, அவள் எந்தப் பிரசவ அறையில் கற்றுக்கொள்வாள் என்பது.

மருத்துவச்சிச் சான்றிதழுக்குப் புத்தகப் படிப்பு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மாணவி குறைந்தது 40 பிரசவம் பார்க்க வேண்டும், 100 கர்ப்பகாலப் பரிசோதனை செய்ய வேண்டும். அமெரிக்காவின் சி.பி.எம். சான்றிதழுக்கு, மேற்பார்வையில் முதன்மைப் பொறுப்பேற்று 25 பிரசவம். படிக்கிற ஊரில் அத்தனை பிரசவம் கிடைக்காத மாணவிகள், கூட்டம் நிறைந்த வேறு நாட்டு மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

நமக்கு இது இன்னும் சுலபமாகத் தோன்றும். "ஊர்ல ரெண்டு மாசம் இருந்தா கணக்கு முடிஞ்சிடும், பாட்டி வீடும் இருக்கு, தமிழும் தெரியும்." தமிழ் தெரிவது நிஜமாகவே பெரிய பலம். வலியில் ஒரு பெண் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரிந்துகொள்ளலாம். ஆனால் மொழி தெரிவதாலேயே அவள் உடம்பைத் தொடும் உரிமை வந்துவிடாது. தன் பக்கத்தில் நிற்பது மாணவி என்று அவளுக்குச் சொன்னார்களா? "வேண்டாம்" என்று சொல்ல அவளால் முடியுமா? இன்னொன்றும் இருக்கிறது. அதே வார்டில் உள்ளூர் நர்சிங் மாணவிகளும் அதே கணக்குக்காகக் காத்திருக்கிறார்கள். நம்ம பிள்ளை எடுக்கும் ஒவ்வொரு பிரசவமும் அவர்களில் ஒருத்திக்குக் கிடைக்காமல் போகலாம்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1844இல் தொடங்கிய சென்னை பிரசவ மருத்துவமனை, இன்றைய எழும்பூர் மருத்துவமனை, 1854லேயே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. ஷார்ஜாவுக்கும் ஒரு கதை உண்டு. 1913இல் மஸ்கட்டுக்கு வந்த அமெரிக்க டாக்டர் சாரா ஹாஸ்மன், பிறகு 1950களில் இங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை நடத்தினார். 1964இல் இறக்கும் வரை வளைகுடாவிலேயே இருந்தார். எண்ணிக்கை முடிந்ததும் கிளம்பிப் போகிறவர்களோடு அவரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்காகப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். டிக்கெட் போடும் முன் நாலு விஷயம் கேளுங்க. அங்கே பார்க்கும் பிரசவங்களைச் சான்றிதழ் தரும் அமைப்பு ஏற்குமா, எழுத்தில் தருமா? மேற்பார்வை செய்யும் மருத்துவச்சி கூடவே நிற்பாரா? கர்ப்பகாலம் முதல் தாய்ப்பால் கொடுப்பது வரை ஒரே தாயோடு இருக்க வாய்ப்பு உண்டா? தாயிடம் அனுமதி கேட்பது யார்?

முவைலாவிலேயே வழிகாட்டவும் ஆள் இருக்கலாம். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் சேர்த்தே பதிவாகிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு, தேர்வு, உரிமம் என்று எல்லாப் படியும் ஏறித்தான் இங்கே வேலைக்கு வருகிறார்கள். உங்க கட்டடத்தில் அப்படி ஒரு அக்கா இருந்தால், ஒரு நாள் டீக்குக் கூப்பிடுங்க. முதல் பிரசவம் பார்த்த அன்று என்ன கற்றுக்கொண்டார் என்று மகளையே கேட்கச் சொல்லுங்க.