மீன் விழினது

சனிக்கிழமை காலை மகனைக் கூட்டிக்கொண்டு வுச்சீரியாவுக்குப் போனேன். சிசிலி மொழியில் அந்தப் பெயருக்கே இரைச்சல் என்றும் ஒரு பொருள் உண்டு. இப்போது பழைய சந்தைக் கூட்டம் இல்லை, இரவில் குடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் மீன் விற்கிறார்கள். ஐஸிலிருந்து ஒரு மீன் வழுக்கிக் கீழே போனதும் ஐந்து வயதுக்காரன் கத்தினான்: "அப்பா, மீன் விழினது!"

நான் சிரித்துவிட்டேன். வீட்டை வரும்வரை அவன் இத்தாலியனில்தான் கதைத்தான்.

அன்றிரவு கணினிக்கு முன்னால் இருந்தபோதுதான் உறைத்தது. டிஎன்ஏ எழுத்துத் தொடர்களில் இலக்கணம் தேடுவதுதான் என் வேலை. ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்து. விதியை நாங்கள் சொல்லிக் குடுப்பதில்லை. உதாரணங்களைப் பார்த்து நிரல் தானே ஊகிக்க வேண்டும். ஜீனுக்கு நடுவே வெட்டி எறியப்படும் இன்ட்ரான் துண்டுகள் பெரும்பாலும் 'ஜிடி'யில் தொடங்கி 'ஏஜி'யில் முடியும். கொஞ்ச உதாரணம் மட்டும் பார்த்த நிரல் இதைப் பிடித்துக்கொண்டு கண்ட இடமெல்லாம் இன்ட்ரான் என்று காட்டும். பிழைதான். ஆனால் ஒரு விதி பிடிபட்டுவிட்டது என்பதற்கும் அதுதான் சாட்சி. அக்கம்பக்கத்து எழுத்துகளோடு இன்னும் நிறையக் காட்டினால் திருந்தும்.

உடம்பே ஏமாறுவதும் உண்டு. சிசிலியில் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றங்களில் ஒன்றில், பீட்டா குளோபின் ஜீனின் முதல் இன்ட்ரானில் 110ஆவது எழுத்தான ஜி, ஏ ஆகிவிடுகிறது. அவ்வளவுதான். இல்லாத இடத்தில் ஒரு 'ஏஜி' முளைக்கிறது, செல் பெரும்பாலும் அங்கேயே வெட்டிவிடுகிறது.

'விழினது' என்று என் மகனுக்கு யார் சொல்லிக் குடுத்தது? நானில்லை, அம்மம்மாவும் இல்லை. ஓடினது, ஆடினது, பாடினது எல்லாம் கேட்டு அவனாகக் கட்டினது. வெறும் மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இந்தப் பிழை வராது. உங்கட வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும்.

அவனுக்கு உதாரணம் போதவில்லை. நானும் மனைவியும் எங்களுக்குள் இத்தாலியனில்தான் கதைப்போம். அம்மம்மாவின் ஃபோன் வரும் நேரம்தான் வீட்டில் தமிழ். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த சனி அதே இடம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல, "அப்பா, ஐஸ் உருகினது" என்றான். அதே விதி, இந்த முறை சரியாக.

"ஓம், உருகினது. அண்டைக்கு அந்த மீன்?"

"அது விழினது."

"ஓம், விழுந்தது. பிறகு என்ன நடந்தது?"