பிழை திருத்தம்: தூசியும் நீலக்கல்லும்

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவனுக்குத் திருத்தம் வெளியிடுவது புதிதன்று. ஆனால் இன்று எழுதும் திருத்தம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்திவிட்டது.

இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். தந்தையார் ஸ்டோரில் தேயிலை சலிக்கும் பகுதியில் வேலை செய்தார். மாலையில் திரும்பும்போது புருவமெல்லாம் தூசி படிந்து பழுப்பேறியிருக்கும். தோட்டத்துக்குக் கீழே வயல்வெளியில் மாணிக்கக்கல் குழிகள். ‘இல்லம்’ எனப்படும் சரளை மண்ணைக் கூடையிலிட்டுச் சேற்றுநீரில் சுழற்றி அலசுவோரைச் சிறுவர்களாகிய நாங்கள் மணிக்கணக்கில் வேடிக்கை பார்ப்போம்.

நிருபரான புதிதில் ஞாயிறு இதழொன்றில், இரத்தினபுரி நீலக்கற்கள் பூமியைவிட மூத்தவை, விண்வெளித் தூசி இறுகிப் பிறந்தவை என்று எழுதினேன். எந்தச் சான்றையும் தேடவில்லை. தந்தையார் அதை வெட்டிக் காம்பராச் சுவரில் ஒட்டி, வருவோருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார்.

அது தவறு. நம் நீலக்கற்கள் கண்டங்கள் மோதிய காலத்தில், ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவானவை. பூமியின் வயதோ சுமார் 454 கோடி ஆண்டுகள்.

ஆயினும் என் பிழைக்குப் பக்கத்திலேயே ஓர் உண்மை இருந்தது. நீலக்கல்லின் கனிமத்துக்குக் குருந்தம் என்று பெயர். ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கே நம் சொல்தான் மூலம். குருந்தத்துடன் அதே இல்லத்தில் கிடைப்பது ஸ்பினல். 1969 பெப்ரவரியில் மெக்சிக்கோவில் வீழ்ந்த அயெந்தே விண்கல்லில் ஸ்பினல் செறிந்த வெண்துணுக்குகள் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள். இளஞ்சூரியனைச் சுற்றிய வாயுத் தட்டு குளிர்ந்தபோது முதலில் திண்மமான பொருள்கள் அவை. குருந்தமும் சில விண்கற்களில் அரிதாகக் காணப்படுகிறது. கற்கள் வேறு, கனிமம் ஒன்றே.

அந்தத் தூசி உலகமானது எப்படி? லயத்தில் கட்டிலுக்கடியில் தூசி திரள்வதைப் போல, நுண்துகள்கள் மெல்லத் தொட்டு ஒட்டிக்கொண்டன. கூழாங்கல் அளவுக்கு வளர்ந்தன. அதன்பின்தான் இடர். வேகமாக மோதினால் தெறிக்கும், அல்லது உடையும். ஒரு மீற்றர் அளவை எட்டியதை எதிர்க்கும் வாயு வேகம் குறைத்து, சில நூறு ஆண்டுகளுக்குள் சூரியனுக்குள் இழுத்துவிடும். தனித்த கல்லுக்குத் தப்ப வழியில்லை.

கூட்டத்துக்கு வழியுண்டு என்று யூடின், குட்மன் இருவரும் 2005 இல் கணக்கிட்டுக் காட்டினர். நெருங்கிய கூழாங்கற்கள் சுற்றியுள்ள வாயுவையும் தம்மோடு இழுத்துச் செல்வதால் எதிர்ப்புக் குறைகிறது. மேலும் கற்கள் வந்து சேர, திரள் தன் ஈர்ப்பாலேயே சுருங்கிப் பல கிலோமீற்றர் அளவுள்ள உருவமாகிறது. 2019 ஜனவரி முதலாம் திகதி நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் படம்பிடித்த அரக்கோத் இதற்கு ஆதரவான சாட்சி. அதன் இரு பாதிகளும் நசுங்காமல், மெதுவாக வந்து ஒட்டியிருக்கின்றன. இத்தகைய உருவங்கள் மேலும் சேர்ந்தே கோள்கள் ஆயின. எஞ்சிய பனிக்கட்டிகளே வால்நட்சத்திரங்கள். வில்ட் 2 என்னும் வால்நட்சத்திரத்தின் தூசியை ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006 ஜனவரியில் கொண்டுவந்தபோது, கடுங்குளிரில் திரண்ட அதற்குள்ளும் நெருப்பில் பிறந்த ஸ்பினல் இருந்தது.

தந்தையார் இன்று இல்லை. இருந்திருந்தால், “ஏன்டா தம்பி, அன்னைக்கு எழுதினது பொய்யா?” என்று கேட்டிருப்பார்.

“ஆமாங்கப்பா. கல்லு பூமிக்குள்ளதான் பொறந்துச்சு. பூமிதான் தூசியில பொறந்தது.”

அந்தச் சுவரில் ஒட்ட வேண்டிய திருத்தம் இதுதான்.