சால்மன் நதிக்கரையில் ஒரு தோட்டாப் பட்டறை

அமெரிக்காவில் மாண்டானா மாகாணத்து மிசூலா நகரத்திலிருந்து தெற்கே 93-ஆம் எண் சாலையில் பிரயாணம் செய்தால், பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் சாலை மலைமேல் ஏறத் தொடங்குகிறது. உச்சியில் இருக்கும் கணவாய்க்கு "லாஸ்ட் டிரெயில்" என்று பெயர். "தப்பிய தடம்" என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உயரம் 7,000 அடிக்குச் சற்று மேல். நம் உதகமண்டலத்தைவிட அது அதிகமில்லை; ஆனால் செப்டம்பர் மாதத்திலேயே காது மடல் மரத்துப் போகிற குளிர். அங்கிருந்து இறங்கினால் ஐடஹோ மாகாணம். சாலையும் ஓர் ஓடையுமாகப் பின்னிப் பின்னி இறங்கி, நார்த் ஃபோர்க் என்ற சிற்றூரில் சால்மன் நதியைச் சந்திக்கின்றன. நதியை எதிர்த்து இருபது மைல் போனால் சால்மன் என்றே பெயர் கொண்ட ஊர். ஜனத்தொகை சுமார் 3,000. ஒரு பெரிய கடைத்தெரு, இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை நிறத் தண்ணீர். அவ்வளவுதான் ஊர்.

இந்த நதிக்குத் "திரும்பாத நதி" என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. முற்காலத்தில் மரப் படகுகளில் சாமான் ஏற்றிக்கொண்டு கீழே போனவர்கள் போனவர்களே. வேகத்தை எதிர்த்துப் படகை மேலே கொண்டுவர முடியாது. போன இடத்தில் படகை உடைத்துப் பலகையாக விற்றுவிட்டு, மலை வழியாகத் திரும்பி வருவார்கள். 1805-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கிளார்க் என்ற தளகர்த்தர் இந்த நதியின் வழியே மேல் கடலுக்குப் போகலாமா என்று பார்க்க வந்தார். சில நாள் பாறைகளோடு மல்லாடிவிட்டு, "இது நமக்கு ஆகாது" என்று திரும்பிவிட்டார்.

அவருடைய கூட்டாளி லூயிஸ் செய்திருந்த ஒரு யுக்தியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெடிமருந்தைப் பீப்பாயில் கொண்டுபோனால் நனைந்துவிடும் என்று அவர் 52 ஈயக் குப்பிகள் செய்வித்தார். ஒவ்வொன்றிலும் 4 பவுண்டு மருந்து. குப்பியின் ஈயம் 8 பவுண்டு. மருந்து காலியானதும் குப்பியையே உருக்கிக் குண்டு வார்த்தால், உள்ளே இருந்த மருந்துக்கும் வார்த்த குண்டுக்கும் கணக்குச் சரியாக இருக்கும். பாத்திரமே பண்டமாகிவிடுகிறது! இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்த அந்த யாத்திரையில் பல சாமான்கள் தீர்ந்து போயின. மருந்துக்கும் குண்டுக்கும் மட்டும் பஞ்சம் வரவில்லை.

அவர்களுக்குக் குதிரை கொடுத்து மலை கடத்திவிட்ட லெம்ஹி ஷோஷோனி ஜனங்களின் கதி வேறு. அவர்களுடைய தலைவர் கமியாவெய்ட், யாத்திரைக் கூட்டத்தோடு வந்த ஸக்காஜவியாவின் உடன்பிறந்தவர். அந்த உதவிக்கு நூறு வருஷம் கழித்துக் கிடைத்த கைம்மாறு, 1907-ல் இந்தப் பள்ளத்தாக்கை விட்டே அவர்களைப் பெயர்த்து, தெற்கே ஃபோர்ட் ஹால் என்ற இடத்திற்கு அனுப்பியதுதான். ஊரில் ஸக்காஜவியாவுக்கு ஒரு காட்சிசாலை இருக்கிறது. அவளுடைய ஜனங்களுக்கு இடம் இல்லை. இந்த மாதிரி விஷயங்களைக் கண்டால் நம்மவர்களுக்கு எளிதில் புரியும்.

நாம் இந்த ஊருக்குப் போனது நதியைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல. மிசூலாவில் உத்தியோகம் பார்க்கும் நம் மருமகனுடைய சிநேகிதர் ஒருவரின் தகப்பனார் இங்கே இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. மர வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், வேட்டைக்குத் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே தயார் செய்துகொள்கிறார். அந்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்துகொள்வதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை. பல ஊர்களில் பல பேர், நம் ஊரில் அப்பளம் இடுவதைப் போல, இதைக் குளிர்கால வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவர், வந்தால் பார்க்கட்டும்" என்று கிழவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கைத்துப்பாக்கியால் வேட்டையாடுகிற வழக்கத்துக்கு இந்த ஊர் ஒரு வகையில் க்ஷேத்திரம். எல்மர் கீத் என்பவர் (1899–1984) நார்த் ஃபோர்க்கில் பண்ணை வைத்திருந்தார். பிறகு சால்மனிலேயே வசித்தார். மாடு மேய்த்தவர், குதிரை பழக்கியவர், வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியவர். கடையில் விற்ற தோட்டாக்கள் அவருக்குத் திருப்தி தரவில்லை. தாமே குண்டு வார்த்து, மருந்தை மாற்றி மாற்றிப் பரீட்சை செய்தார். ஒரு சமயம் அவருடைய 45 ரிவால்வர் கையிலேயே வெடித்துச் சிதறியது. 45-ல் துவாரம் பெரிதாக இருப்பதால் உருளையின் சுவர் மெல்லியது. ஆகவே சுவர் தடித்த 44-க்கு மாறினார். அவர் வரைந்த குண்டின் அச்சுக்கு 429421 என்று எண். இதைக் கிழவர் ஏதோ மந்திரம் போல உச்சரிக்கிறார்! கீத் முப்பது வருஷம் பத்திரிகைகளில் வாதாடியதன் பலனாக, 1955-ன் முடிவில் இரண்டு பெரிய கம்பெனிகள் சேர்ந்து "44 மாக்னம்" என்ற வலுத்த தோட்டாவை வெளியிட்டன.

கிழவரிடம் இருப்பதோ மாக்னம் அல்ல. அதற்கு மூத்த 44 ஸ்பெஷல். 1907-ல் பிறந்தது. நான்கு அங்குலக் குழல், கையடக்கமான ரிவால்வர். "மாக்னம் என் மணிக்கட்டை முறித்துவிடும். கடைத் தோட்டாவோ பழைய துப்பாக்கிகளும் தாங்க வேண்டுமே என்று மென்மையாகச் செய்கிறார்கள். எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். அது கடையில் இல்லை" என்றார்.

குழல் குட்டையாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. துப்பாக்கி மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் அது எரிந்து முடிய வேண்டும். மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால் பாதி வெளியே வந்து தீப்பந்தமாக எரிந்து வீணாகிறது. துப்பாக்கிக்காரருக்குக் கண் கூசுவதுதான் மிச்சம். விரைவாக எரியும் மருந்தில் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அளவு சிறிது மிஞ்சினாலும் ஆபத்து. மருந்தின் வகை, அளவு, குண்டின் எடை, அதை எவ்வளவு ஆழமாகச் செருகுவது என்ற நான்கையும் ஒன்றுக்கொன்று இசைவிப்பதே இந்த வித்தை. அவர் உபயோகிக்கும் மருந்தின் அளவை நாம் கேட்டுக் குறித்துக்கொள்ளப் போனபோது கையை அமர்த்தினார். "அந்த எண் இந்தத் துப்பாக்கிக்கு மட்டும். புஸ்தகத்தைப் பார்த்துக் கீழ் அளவில் தொடங்க வேண்டும். பிறத்தியார் சொன்னதை நம்பக் கூடாது." வைத்தியர் மருந்துச் சீட்டு மாதிரிதான்.

எடைக்கு அவர்கள் கிரெயின் என்ற அளவை வைத்திருக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் தட்டார்களின் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் இருக்கும். கிழவரின் தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிறது. கதவு திறந்து காற்று வந்தால் முள் ஆடும். ஆகையால் நாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

வேலையை வர்ணிக்கிறோம். ஒரு முறை சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொடித்த வாதுமை ஓட்டில் போட்டு உருட்டித் துலக்குகிறார்கள். நம் வீட்டில் புளி போட்டுச் செம்பு விளக்குவதுபோல மின்னுகின்றன. இந்தப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு தாமிரம், முப்பது பங்கு துத்தநாகம். சுட்டபோது உப்பிய கூட்டை அச்சில் அழுத்தி ஒடுக்கி, அடியிலுள்ள எரிந்துபோன பிரைமரை ஊசியால் தள்ளுகிறார்கள். பிரைமர் என்றால் வேறொன்றுமில்லை. தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் கேப்புக்கு அண்ணன். அடித்தால் பொறி, அந்தப் பொறி உள்ளே மருந்தைப் பற்ற வைக்கிறது. இந்த எண்ணத்துக்கு மூலபுருஷர் ஃபோர்ஸைத் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார். பறவை வேட்டைக்குப் போனால், சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் பளிச்சிடும் ஒளியைக் கண்டே பறவை பறந்துவிடுகிறதென்று சலித்துப்போய், 1807-ல் அடித்தால் பற்றும் மருந்துக்கு உரிமை பெற்றார். பறவைகள் அவரை மன்னித்திருக்காது.

கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துவாரம் இருப்பதனால்தான் ஊசி நேரே இறங்கி இந்த வேலை நடக்கிறது. இந்த ஏற்பாடு பாக்ஸர் என்ற ஆங்கிலேயருடையது. இரண்டு சிறு துவாரங்கள் பக்கத்தில் வைக்கும் இன்னொரு முறை பெர்டான் என்ற அமெரிக்கருடையது. ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும் நிலைத்துவிட்டது விந்தை! மாறியிருந்தால் இந்தக் கொட்டகைத் தொழில் இவ்வளவு எளிதாக வளர்ந்திராது.

தோட்டா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்களுக்கு 1857 ஞாபகம் வரும். அந்தக் காலத்துத் தோட்டா காகிதச் சுருள். பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். அதில் தடவிய கொழுப்பைப் பற்றிய பேச்சு அந்த வருஷம் ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் கிளம்பி, தேசமெங்கும் தீயாய்ப் பரவியது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனைக் கத்தி வைத்துக்கொள்ளவும் அநுமதி கேட்கச் செய்து, வெள்ளைக்காரர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்தச் சட்டம் போய் 1959-ல் நம் சொந்தச் சட்டம் வந்தது. 1972-க்குப் பிறகு வேட்டையும் சட்டப்படி நின்றது. வேட்டை நின்றதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் தச்சர் ஒருவர் யாரையும் கேளாமல் தம் கொட்டகையில் தோட்டா செய்கிறதைப் பார்க்கையில், வெறும் சட்டப் புஸ்தகங்களிலிருந்து தெரியாத வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

கிழவரின் அழுத்து இயந்திரம் கலிபோர்னியாவிலுள்ள ஓரோவில் ஊரில் தோன்றிய கம்பெனியுடையது. யுத்த காலத்தில், 1943-ல், குண்டு கிடைக்காமல் திண்டாடியபோது, ஹண்டிங்டன் என்ற வாலிபர் தம் தந்தையின் சலவைச் சாலைக்குப் பின்புறத்தில், சுட்டெறிந்த சிறு கூடுகளையே குண்டுக்கு மேலுறையாக்கும் அச்சுச் செய்தார். பஞ்சம்தான் இந்தத் தொழிலுக்குத் தாய். 2020-க்குப் பிறகும் சில வருஷங்கள் பிரைமருக்குக் கடும் பஞ்சம் வந்ததாம். இதே ஐடஹோவின் வட பகுதியில் லூயிஸ்டன் நகரத்துப் பெரிய தொழிற்சாலையில் அவை செய்யப்பட்டும், கிழவருக்கு ஒரு பெட்டி அகப்படவில்லை.

இனி மருந்து. ஐம்பது குழிகள் உள்ள மரக்கட்டையில் ஐம்பது கூடுகளை நிறுத்தி, பொறியின் பிடியை ஏற்றி இறக்கி ஒவ்வொன்றிலும் மருந்து விழச் செய்கிறார்கள். இங்கேதான் உயிர் நிலை. நம் கிழவரின் அளவு கூட்டில் பாதிகூட நிரம்பாது. கவனக் குறைவாக இரண்டு முறை விழுந்தாலும் கூடு தாங்கிக்கொள்ளும், துப்பாக்கி தாங்காது. ஒரு முறைகூட விழாவிட்டால் அதுவும் கேடுதான். பிரைமரின் பொறி மட்டும் குண்டை அரைவழி தள்ளிக் குழலில் நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். இதற்குக் காப்பு ஒன்றுதான்: குண்டு செருகுமுன், விளக்கைத் தூக்கிப் பிடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் கண்ணால் பார்ப்பது.

கிழவருக்கு இரண்டு வருஷமாகக் கண்ணின் நடுப்பார்வை மங்கிவருகிறது. பக்கங்கள் தெரிகின்றன, பார்க்க விரும்பும் இடம் மட்டும் புகைகிறது. அவரே இதைச் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் பேத்தி சொன்னாள். அவர் பிடியை இழுக்க, அவள் பக்கத்தில் விளக்கோடு நின்றாள். கடைசிக் கூட்டில் மருந்து விழுந்ததும் அவர் வழக்கப்படி குனிந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். "சரி" என்றார். அவளும் பார்த்துக்கொண்டு போனாள். நான்காம் வரிசையில் நின்றாள்.

"தாத்தா, இதில் ஒன்றும் இல்லை."

பொறியின் வாயில் மருந்து ஒரு நிமிஷம் கட்டி நின்றிருக்கிறது. அவர் மறுபடி குனிந்து வெகு நேரம் பார்த்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் ஐம்பது கூட்டு மருந்தையும் குப்பியில் திருப்பிக் கொட்டினார். நாற்காலியை விட்டு எழுந்து, "நீ உட்கார்" என்றார். அந்த நாற்காலியில் நாற்பது வருஷமாக வேறொருவரும் உட்கார்ந்ததில்லை என்பது நமக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு அவள் பிடியை இழுத்தாள். அவளே விளக்குப் பிடித்துப் பார்த்தாள். குண்டு செருகிக் கூட்டின் வாயை மடக்கினாள். மடக்காவிட்டால் சுடும் அதிர்ச்சியில் மற்றக் குண்டுகள் முன்னே நழுவி உருளையைச் சுற்ற விடாமல் தடுத்துவிடும். கிழவர் ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் பெட்டியில் அடுக்கினார். வேலை முடிந்ததும் இருவரும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டார்கள். ஈயம் விஷம். அது வேட்டை மிச்சத்தைத் தின்னும் கழுகுகளையும் கொல்கிறதென்று கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடுத்துவிட்டார்கள். பேத்தி செப்புக் குண்டு வேண்டும் என்கிறாள். கிழவர் கீத்தின் அச்சை விட மனமில்லாமல் இருக்கிறார். நம் அபிப்பிராயம் பேத்தியின் பக்கம்.

இவ்வளவு கஷ்டப்பட்டு, தூரத்திலிருந்தே அடிக்கும் பெரிய துப்பாக்கி இருக்க, இந்தச் சிறியது எதற்கு என்று கேட்டோம். மலைச்சரிவில் இரண்டு கையும் வேண்டியிருக்கிறது என்பது ஒரு பதில். மற்றதை மெதுவாகச் சொன்னார். இருபது வயதில், கடையில் வாங்கிய பழைய தோட்டாவால் ஒரு மானைச் சுட்டார். வேகம் போதவில்லை. காயப்பட்ட மான் ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடியும் அகப்படவில்லை. அதன் பிறகு முப்பது தப்படிக்கு மேல் அவர் சுட்டதில்லை. தம் கையால் செய்யாத தோட்டாவைப் போட்டதுமில்லை. மரக்கறி உணவுக்காரரான நாம் வேட்டைக்குப் பரிந்து பேசப் போவதில்லை. ஆயினும் அந்த மானைச் சொன்னபோது அவர் குரல் இருந்த விதத்தை எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மாலையில் ஊருக்கு வெளியே ஒரு மண் கரையை முன் வைத்து அவள் சுட்டாள். கிழவர் காதில் அடைப்பு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் விரல் மடக்கினார். ஆறும் ஒரே ஓசை என்றார். அவள் உருளையைத் திறந்து காலிக் கூடுகளை அவருடைய உள்ளங்கையில் தள்ளினாள், சூடாயிருந்தன. எண்ணித் தோல்பையில் போட்டுக்கொண்டார்.

வேட்டைக் காலம் அக்டோபரில் தொடங்குகிறது. இந்த வருஷம் அவர் துப்பாக்கி எடுக்கப் போவதில்லை, அவள்தான் போகிறாள். கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு அவரும் கூடப் போகிறாராம். கழுதைக்கு வயது இருபத்திரண்டு; அதற்குக் கண் நன்றாகத் தெரியும் என்றார்.