பதினோரு நாள்

என் சித்தப்பா மகளுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். கோலா சாவா பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போனோம். பெருநாளுக்கு ஒரே பீஸ் துணியில் பாவாடை தைத்துப் போட்டார்கள். அவள் சிவப்பு, நான் கறுப்பு. எங்களைப் பிரித்துச் சொல்ல ஊருக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், தலையிலும் முகத்திலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்காட்டில் நின்றவர். மதியம் திரும்பியதும் கையைக் கழுவிவிட்டு, பெடாக் செஜூக்கைத் தண்ணீரில் குழைத்து முதலில் என் முகத்தில்தான் அப்புவார். அரிசி மாவுதானே, ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யவும் இல்லை. தோட்டத்தில் துரை வெள்ளை. கிராணி வீட்டம்மா நிழலிலேயே இருந்ததால் சிவப்பு. வெயிலில் நின்றவர்கள் நாங்கள். என் மகள் வெயிலுக்குப் போகக்கூடாது என்பதைத்தான் அம்மா அந்த மாவால் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம், நீ அவளை மாதிரி இல்லை என்பதுதான்.

1988இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு 20 வயது. பலகாரத் தட்டைத் தூக்கி வர ஆளில்லாமல் அவளைக் கூப்பிட்டார்கள். வந்தாள், வைத்தாள், போனாள். மறுவாரம் சொல்லி அனுப்பினார்கள், அந்தச் சின்னப் பெண்ணைக் கொடுப்பீர்களா என்று. நல்ல இடம், மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. சித்தப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அப்பாவே போய், "குடுத்துடுடா" என்றார். கல்யாணத்தில் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. சிரம்பானில் கிளார்க் வேலை, வீடு, பிள்ளைகள். நல்ல மனிதர் என் கணவர், குறை சொல்ல முடியாது. ஆனாலும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மண்டபத்தில் நுழைந்ததும் என் கண் முதலில் அவளைத்தான் தேடும். இன்னும் அழகாகத்தான் இருக்கிறாளா என்று பார்க்க. இருப்பாள்.

பசார் மாலாமில் அந்த டப்பாவை வாங்கியது என் 54ஆவது வயதில். சின்ன வெள்ளை டப்பா, மூடியில் ஒரு பூப்படம். யார் செய்தது, எதில் செய்தது, எதுவும் எழுதவில்லை. "ரெண்டே வாரம்கா" என்றாள் விற்ற பெண். உண்மைதான். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பக்கத்தில் வந்து, "என்னக்கா போடுறே? சொல்லேன்" என்றாள்.

வாழ்நாளில் முதல்முறையாக அவள் என் முகத்தைப் பார்த்து ஏங்கினாள். "ஒண்ணும் இல்லைடி, தண்ணி நிறையக் குடிக்கிறேன்" என்றேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

மூன்று மாதம் கழித்து ஒரு காதுகுத்தில் அவளைப் பார்த்தேன். கழுத்துக்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம். கன்னத்தில் மெல்லிய சிவப்பு. பாம்பின் கால் பாம்பறியும். அவளும் எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டாள் என்று தெரிந்தது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என் மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். குளியலறையில் டப்பாவைப் பார்த்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நோட் நம்பர் எங்கேம்மா?" என்றாள். இங்கே விற்கும் முகப்பூச்சு எதுவானாலும் சுகாதார அமைச்சின் கீழுள்ள என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவித்து அந்த எண்ணைப் பெற்றிருக்க வேண்டுமாம். இணையத்தில் தட்டிப் பார்த்தால் அது உண்டா, ரத்தாகிவிட்டதா என்று தெரியுமாம். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கிரீம்களைப் பற்றி அமைச்சு எத்தனையோ முறை அறிக்கை விட்டிருக்கிறது. இதே மாதிரி பத்திரிகையில்தான் வந்திருக்கும். நான் ராசிபலன் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன்.

பாதரசம் தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது, அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வெளுப்பு. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைத் தாக்கும். தலையணை, துண்டு வழியாக வீட்டிலுள்ளவர்களுக்கும் போகும் என்றாள். என் பேத்தி தினமும் என் கன்னத்தில் கன்னம் வைத்துத்தான் தூங்குவாள். அதைச் சொன்னதும் எனக்குக் கை நடுங்கியது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் கடலில் விட்ட பாதரசத்தால் எத்தனையோ பேர் முடமானார்கள். அந்த ஊர்ப் பெயரிலேயே 2013இல் உலக ஒப்பந்தம் ஒன்று போட்டு, பாதரச கிரீம்களுக்கும் தடை வைத்திருக்கிறார்கள். அங்கே தொழிற்சாலை கடலில் கொட்டியதை நான் காசு கொடுத்து வாங்கி முகத்தில் பூசியிருக்கிறேன்.

கிளினிக்கில் சிறுநீரில் கொஞ்சம் புரதம் இருப்பதாகச் சொன்னார்கள். நிறுத்திவிட்டு மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்கள்.

அன்றே தங்கச்சிக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பதினோரு நாள் ஆனது. போனை எடுப்பேன், வைப்பேன். அவளுடையது வேறு கிரீமாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் அதுவல்ல. சொன்னால், என் நிறம் டப்பாவிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் சிறுநீரகத்தை ஒரு தட்டிலும் என் மானத்தை மறு தட்டிலும் வைத்துப் பதினோரு நாள் நிறுத்துக்கொண்டிருந்தேன். இதை எந்த உறவினரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் கோலா சாவாவுக்குப் போனேன். தோட்டம் முழுக்க இப்போது செம்பனை. அவள் வீடு பக்கத்துத் தாமானில். டப்பாவை மேசையில் வைத்தேன். அவள் பேசாமல் உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அதே பூப்படம்.

"தண்ணி குடிக்கிறேன்னு சொன்னியே" என்றாள். வேறெதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தேத்தண்ணி கொண்டு வந்தாள். பிறகு சம்பந்தமே இல்லாமல் எஸ்.டி.பி.எம். பற்றிப் பேசினாள். பெண் பார்க்க வந்த வருஷம் அவள் ஆறாம் படிவத்தில் இருந்தாள். பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது கல்யாணம். எங்கள் லயத்திலேயே அவ்வளவு தூரம் படித்தவள் அவள் ஒருத்திதான். "பிரசவத்துக்கு வந்திருந்தப்ப, நீ பேக்கை மாட்டிக்கிட்டு வேலைக்குப் பஸ் ஏறுவே. நான் ஜன்னல்ல நின்னு பார்ப்பேன்கா. வயிறு எரியும்" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பரீட்சை எனக்கு ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை. அவள் தட்டைத் தூக்கி வந்தது மட்டும்தான் நினைவில் இருந்தது. அதைக் கேட்டதும் என் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியாவில் வந்தது. 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. கல்யாணத் தரகர்கள் வாயிலிருந்து 'சிவப்பு' எப்போது போகும் என்று தெரியவில்லை. என் மகளுக்குப் பார்த்தபோது நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

மறுவாரம் அவளைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். எண் வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் கைப்பேசி கேமராவைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். பூசுவதை நிறுத்தியதும் திட்டுத் திட்டாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"ரொம்பக் கறுத்துட்டேனாக்கா?"

"இல்லைடி" என்றேன்.

கறுத்துத்தான் இருந்தாள். அதைப் பார்த்து எனக்குள் எங்கோ ஒரு மூலையில் யாரோ மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது. அதற்குள் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.