பனி கண்ட கீரை

டோக்கியோவின் கிழக்கே, இந்தியக் குடும்பங்கள் பல வாழும் நிஷி கசாய்ப் பகுதியில், வீட்டுப் பின்புறத்துச் சிறு நிலத்தில் செப்டம்பர் இறுதியில் நாங்கள் விதைத்த கொமாட்சுனாக் கீரை, உறைபனி அதன் இலைவிளிம்புகளில் வெண்மையாய்ப் படியத் தொடங்கிய பின்னரே தன் பூரண ருசியை அடைகிறது. குளிர் மிகுந்தால் செடியானது தன் உயிரணுக்களில் சர்க்கரையைச் சேர்த்து, உள்நீர் உறைந்துவிடாதபடி தன்னை ரக்ஷித்துக்கொள்கிறது. நம் நாவுக்கு இனிப்பது அதன் ஆத்மரக்ஷணமே என்று எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் பெருகுகிறது. அருகிலுள்ள தாட்சோய்க் கீரையோ, இதமான நாட்களில் நிமிர்ந்து நின்றது, குளிர் வந்ததும் கரண்டி போன்ற கரும்பச்சை இலைகளை வட்டமாக விரித்து மண்ணோடு படிந்துவிட்டது. அழகில் அதற்கே முதலிடம்.

புத்தாண்டன்று இவ்வூரார் மோச்சி என்னும் அரிசிப் பண்டத்தின் துண்டமிட்ட ஸோனிச் சாற்றில் கொமாட்சுனாவைச் சேர்ப்பர். நாங்களோ பாசிப்பருப்பும் சீரகமும் கூட்டிக் கடைகிறோம், பூண்டு மட்டும் சற்றுத் தாராளமாக.