பத்தரை மணி பர்மிஷன்

கடிதம் எழுதுவதில் அடியேன் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு. பி.காம்.மில் பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பரில் 78 மார்க் வாங்கியவனாச்சே! 2019-ல் பிரசவ லீவு 26 வாரம் முடிகிற நேரம், "ஆபீஸ்ல நேரத்தை மாத்திக் கேக்கணும், ஒரு லெட்டர் எழுதுங்க" என்று மனைவி சொன்னதும் பேனாவைத் திறந்துவிட்டேன்.

'என் பச்சிளம் குழந்தையின் நலனை முன்னிட்டு, தாங்கள் கருணை கூர்ந்து...'

படித்தாள். மடித்தாள். அதாலேயே குழந்தைக்கு விசிறினாள்.

"ஏங்க, நான் என்ன முதியோர் பென்ஷனா கேக்கறேன்?"

அவளே எழுதினாள். ஒரே பக்கம். கருணை கிடையாது, கணக்கு இருந்தது. 9 முதல் 6 வரை என்பதற்குப் பதில் 10 முதல் 5 வரை. குறைகிற 2 மணி நேரத்தை ராத்திரி 8-லிருந்து 10 வரை வீட்டிலிருந்து செய்து தருவாள். மாதக் கடைசியில் பில்லிங் முடிக்கிற மூன்று நாளும் முழு நேரம் ஆபீஸில். எல்லாம் ஆறே மாதத்துக்கு.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. லீவு முடிந்தபின், வேலைக்குத் தோதுப்பட்டால் வீட்டிலிருந்து செய்யலாம் என்று 2017 திருத்தம் சொன்னது. ஆனால் முதலாளியும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது, கேட்க உரிமை உண்டு, கிடைப்பது அவரவர் ஜாதகம். 50 பேர் வேலை பார்க்கிற இடமென்றால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். அவள் ஆபீஸில் தலையை எண்ணினால் 46! சட்டம் படிக்கட்டு வரை வந்து திரும்பிப் போய்விட்டது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளையும் உண்டு. கிண்டி ஆபீஸிலிருந்து குரோம்பேட்டை வீட்டுக்கு அந்த இடைவேளையில் போய் வர ஹெலிகாப்டர்தான் வேண்டும். (2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தச் சங்கதிகள் அப்படியே உண்டு. ஹெலிகாப்டர் அதிலும் இல்லை.)

அவள் மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டாராம்: "வீட்ல பாத்துக்க யாரும் இல்லியாம்மா?"

"ஹஸ்பெண்ட் இருக்கார் சார். அவரும் ஆபீஸ் போறார்."

"அடடா, பாவம் அவர்!"

பாவப்பட்ட எனக்காகவோ என்னவோ, சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பலாம் என்று சம்மதித்தார். காலை 9 மணியில் மாற்றமில்லை.

அங்கேதான் சிக்கல். அவள் 8.15-க்குக் கிளம்ப வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா வருவது 9.30-க்கு. நடுவில் ஒன்றேகால் மணி நேரம். அவள் என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

அப்போது மாம்பலத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை. மறுநாள் சீனியரிடம் போய், "சார், கொஞ்ச நாளைக்கு பத்தரைக்கு வரட்டுமா? குழந்தையை..." என்று இழுத்தேன்.

"ஏம்ப்பா, பிரசவம் அவங்களுக்கா, உனக்கா?"

செக்‌ஷனே சிரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சேர்ந்து சிரித்தேன். "சும்மா கேட்டேன் சார்" என்று வந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டில், "சீனியர் லீவு" என்று கூசாமல் ஒரு பொய்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தேடி அவள் கைப்பையைத் திறந்தேன். நாலாக மடித்த ஒரு காகிதம். இரண்டே வரி. ராஜினாமா. தேதி மட்டும் போடவில்லை.

எட்டு வருஷ சர்வீஸ். என்னைவிட 4,000 ரூபாய் கூடச் சம்பளம். மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தேன். தூக்கம் வரவில்லை.

காலையில் சீனியர் செருப்பைக் கழற்றுவதற்குள் போய் நின்றேன். இந்த முறை இழுக்கவில்லை. "பத்தரைக்கு வர்றேன், ஏழரை வரைக்கும் இருக்கேன், மூணு மாசம் சார்." என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "மார்ச்சுல இந்தக் கதையெல்லாம் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

செக்‌ஷனில் எனக்கு 'ஆயாம்மா' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவன் பக்கத்து சீட்டுக்காரன். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் டீக்கடையில் என்னை ஓரங்கட்டினான்.

"அண்ணே, வீட்ல லீவு முடியுது. அண்ணி அன்னிக்கு ஒரு லெட்டர் எழுதினாங்களே, காப்பி இருக்கா?"

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, 78 மார்க்..."

"அது வேணாம்ணே."