கடிதத்துக்கும் கதவுண்டு

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பில் ‘இஸ்திஃதான்’, அதாவது அனுமதி கோருதல் என்னும் பெயரில் ஒரு தனிப் பகுதியை அமைத்துள்ளார்கள். பிறர் இல்லம் புகுமுன் ஸலாம் உரைத்தல், விடை வராவிடின் திரும்பிவிடுதல், துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பாராதிருத்தல் போன்ற ஒழுங்குகள் அதில் வருகின்றன. அப்பகுதியை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்குங்கால் ஓரிடத்தில் நாம் சற்று நின்று போவதுண்டு. வீட்டைப் பற்றிய பாடங்களுக்கிடையே கடிதம் ஒன்று வந்துவிடுகிறது! முஸ்லிம்களுக்குத் தீங்கிழைப்பாரோ என அஞ்சப்படுபவரின் கடிதத்தை, உண்மையறியும் பொருட்டுப் பார்ப்பது பற்றிய பாடம் அது. மக்கா வெற்றிக்கு முன் ஹாத்திப் (ரலி) அவர்கள் குறைஷியருக்கு எழுதியனுப்பிய கடிதம் வழியில் கைப்பற்றப்பட்ட நிகழ்ச்சி அங்கே கூறப்படுகிறது. விலக்குக்கே ஒரு தலைப்பு வேண்டியிருந்ததென்றால் பொதுவிதி யாதென நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்று நம் குடும்பங்களில் கடிதத்தின் வாசல் மின்னஞ்சல் முகவரியாக இருக்கிறது. முன்னாளில் முகவரி என்பது தெருப்பெயரும் கதவிலக்கமும் மட்டுமே. அதை அறிந்தவன் திண்ணை வரையில்தான் வரமுடியும். இதுவோ அப்படியன்று. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், அயல்நாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தின் ரசீது ஆகிய யாவும் அதனோடு பிணைந்தவை. எந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்தாலும் புதியது அமைக்கும் வழி பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும். முகவரியும் அதுவே, சாவிக்கொத்தும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் உம்ராவுக்காக ஒரு பயண நிறுவனத்தாரிடம் இம்முகவரியைக் கொடுத்தோம். விசாவும் பயணச்சீட்டும் அனுப்புவதற்கென்றே கேட்டார்கள். ஊர் திரும்பிய பின் வீட்டுமனை விற்போரும் வட்டிக்குக் கடன் தருவோரும் நம்மை ‘ஹாஜியார்’ என விளித்து மடல் எழுதலாயினர். (உம்ரா செய்தவரை ஹாஜியாராக்கிய பெருமை அவர்களையே சாரும்!)

ஃபிக்ஹு நூல்களில் ‘வதீஆ’ என்றொரு பாடமுண்டு. காத்து வைக்குமாறு ஒப்படைக்கப்பட்ட பொருளை உடையவரின் அனுமதியின்றித் தன் தேவைக்கு எடுத்தாண்டவன், அதற்கு ஈடு செய்யும் பொறுப்புக்கு ஆளாகிறான். 2023 ஆகஸ்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்கையில் இப்பாடமே நினைவுக்கு வந்தது. எந்த நோக்கத்தைச் சொல்லி இசைவு பெற்றார்களோ, அந்நோக்கத்திற்கு மட்டுமே அது செல்லும். இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட 22 அட்டவணை மொழிகளிலோ படித்தறிய வாய்ப்பளித்தல் வேண்டும். கொடுத்த இசைவைக் கொடுத்தது போன்றே எளிதாக மீட்டுக்கொள்ளவும் இயல வேண்டும். மீட்டபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, தரவை அழித்துவிட வேண்டும். 18 வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோரின் இசைவு தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2018 மே 25 முதலே இத்தகைய விதிகளை நடத்தி வருகின்றனர். நம்முடைய விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் பெரும்பகுதிக்கு அவற்றில் 18 மாதத் தவணையும் தரப்பட்டது. தரவைக் காக்கத் தவறியோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. ஆயின் அத்தொகை அரசின் நிதியைச் சேரும். பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு காசுமில்லை. வதீஆவில் ஈடு உடையவரையன்றோ சேரும்!

விலக்கின் விஷயத்திலும் நமக்கு மனநிறைவில்லை. இமாமவர்களின் தலைப்பில் அஞ்சப்படுபவர் ஒருவர் இருக்கிறார். தெளிய வேண்டிய விவகாரம் ஒன்றிருக்கிறது. சட்டத்தின் 17ஆம் பிரிவோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்பைச் சட்டத்தினின்றே விடுவித்துவிடுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாட்டில் இவ்வாசல் இத்துணை அகலமாக இருக்க வேண்டுமா?

நம் வீட்டார் ஊன்றிப் படிக்க வேண்டியது 14ஆம் பிரிவு. தாம் இறந்தாலோ செயலற்றுப் போனாலோ தம் தரவின் மீதுள்ள உரிமைகளைச் செலுத்த ஒருவரை முன்கூட்டியே நியமிக்க அது இடமளிக்கிறது. (ஐரோப்பிய விதி இறந்தோரைத் தொடாமல் அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டுவிட்டது.) நியமிக்கப்பட்டவரை வாரிசென்று மயங்கலாகாது. வங்கி நாமினி விஷயத்தில் இம்மயக்கத்தால் எழுந்த வழக்குகள் பல பள்ளிவாசல் ஜமாஅத்தில் நம் முன் வந்துள்ளன. இவர் ஃபராயிள் பங்குதாரர் அல்லர், ‘வஸீ’யைப் போன்றவர். தரவை அறியவும் திருத்தவும் அழிக்கவும் கோரலாம்; சொத்து உரியவர்க்கு உரிய பங்கின்படியே பிரியும்.

நம் மஹல்லாவில் ஒரு சகோதரி, ஷார்ஜாவில் மரணமடைந்த தம் கணவர் எவருக்கு எவ்வளவு தரவேண்டும், எவரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்றறியாது தவித்தார். கணக்குகள் யாவும் கணவரின் மின்னஞ்சலில் இருந்தன. கடவுச்சொல் எவருக்கும் தெரியவில்லை. மய்யித்தின் கடனை அடைத்த பின்னரே பங்கீடு என்பது மார்க்கச் சட்டம். உடன் தங்கியிருந்த நண்பர்கள் நினைவிலிருந்து சொன்ன தொகையைக் கடனாகக் குறித்துக்கொண்டு, எஞ்சியதற்குப் பங்கீடு எழுதிக் கொடுத்தோம்.